மணிக்கட்டில் பதினான்கு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த உடற்பயிற்சிக் கைப்பட்டையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போதும் இடது மணிக்கட்டில்தான் இருக்கிறது. ஆனால் இது சொல்வதில் பாதியை நான் நம்புவதில்லை. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இந்த மதிப்புரை.

எனக்கு வயது 57. இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவது தொழில். நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. கண்ணும் விரலும் மட்டும் உழைக்கும். மிச்ச உடம்பு துணைக்கு வந்து உட்கார்ந்திருக்கும். சென்ற ஆண்டு ஒரு நாள் அலுவலக லிஃப்ட் பழுதாகி மூன்று மாடி ஏற வேண்டியதாயிற்று. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை வெகு ஆர்வமாகப் படிப்பவளைப்போல் நின்றேன். அதில் இரண்டு ஒற்றுப் பிழைகள் இருந்தன. எனக்கு மூச்சு வாங்கியது அதைவிடப் பெரிய பிழை. அந்த வாரமே இதை வாங்கினேன்.

கருவி எளிமையானது. ரப்பர்ப் பட்டை, கட்டைவிரல் அகலத்துக்குத் திரை, அடிப்பக்கம் பச்சை விளக்கு. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில் இரத்தம் பெருகி வடியும்போது, திரும்பி வரும் ஒளி குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடி சொல்கிறது. கையசைவை அறிய ஒரு முடுக்கமானி, மாடி ஏறுவதை அறிய ஒரு காற்றழுத்தமானி. உள்ளே இருப்பது இவ்வளவுதான். செயலியில் வரிசை கட்டி நிற்கும் இருபத்துச் சொச்சம் எண்களும் இந்த மூன்றுக்கும் பிறந்த பிள்ளைகள். சில சொந்தப் பிள்ளைகள், பல தத்துப்பிள்ளைகள்.

நாடி சொந்தப் பிள்ளை. கழுத்தில் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழைய முறையில் முதல் மாதம் முழுவதும் சோதித்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றிரண்டு துடிப்புதான் வித்தியாசம். வேகமாக நடக்கும்போதுதான் கதை மாறியது. ஒரு மேட்டுப் பாதையில் என் மூச்சு இரைக்கிறது, கழுத்து நரம்பு தெறிக்கிறது, திரை மட்டும் 112 என்று சாதுவாகக் காட்டியது. சமதளத்தில் மூச்சு அடங்கிய பிறகு 120 என்றது. அண்ணன் மகனிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "அத்தை, அது உங்கள் இதயத்தை எண்ணவில்லை, காலை எண்ணியிருக்கிறது" என்றான். கை வீசும் தாளமும் துடிப்பும் நெருங்கி வந்தால், கருவி தாளத்தையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளுமாம். மார்பில் கட்டும் பெல்ட் ஒன்றைக் கடன் கொடுத்தான். அது இதயத்தின் மின்துடிப்பையே நேராகப் பிடிக்கிறது. அதே மேட்டில் பெல்ட் 139 என்றது, மணிக்கட்டு 114 என்றது. பட்டையை எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி, சற்று இறுக்கிக் கட்டியபின் பெரும்பாலும் சரியாகிவிட்டது. இந்த யோசனை கையேட்டில் எங்கோ 31ஆம் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

கலோரிக் கணக்கு தத்துப்பிள்ளை. "312 கலோரி எரித்தீர்கள்" என்று கடைசி இலக்கம்வரை சொல்லும்போது யாருக்கும் நம்பத்தான் தோன்றும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கட்டுக் கருவிகள் ஏழை 60 தன்னார்வலர்களுக்குக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்து அளந்தார்கள். துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் நின்றது. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்லதே 27 சதவீதம் தவறு. மோசமானது 93 சதவீதம். என் கருவி அந்த ஏழில் இல்லை, வேறு வகை, பின்னால் வந்தது. ஆனாலும் இதன் உள்ளேயும் அதே விளக்கும் அதே முடுக்கமானியும்தானே. "312" என்பதை நான் இப்போது "ஏதோ கொஞ்சம்" என்று வாசிக்கிறேன்.

அடி எண்ணிக்கை இரண்டுக்கும் நடுவில். நடந்தால் சரியாக எண்ணுகிறது. குண்டும் குழியுமான சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து போனதற்கு 640 அடி பரிசளித்தது. கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றியதற்கு ஏறக்குறைய ஒன்றுமே தரவில்லை, கை வீசவில்லை அல்லவா. கூட்டிக் கழித்தால் சரியாகப் போகும் என்று விட்டுவிட்டேன்.

எரிச்சல் மூட்டியது இலக்குதான். பெட்டியைத் திறந்த நாளே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், 10,000 அடி என்று நிர்ணயித்திருந்தது. இந்த எண் எந்த ஆய்வகத்திலும் பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு ஆண்டு, 1965இல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் "மான்போகெய்" என்ற அடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயருக்குப் பொருளே "பத்தாயிரம் அடி மானி". விளம்பரத்துக்கு உருண்டையாக ஓர் எண் வேண்டியிருந்தது. அது அறுபது ஆண்டுகளாக மருத்துவ உண்மை வேடத்தில் திரிகிறது. 2019இல் ஐ-மின் லீ குழுவினர் 16,741 பெண்களின் அடிகளைக் கருவி கட்டி எண்ணினார்கள். சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு வீதம் 41 சதவீதம் குறைவு. ஏறத்தாழ 7,500 அடிவரை அது குறைந்துகொண்டே போய், அதன்பின் கோடு சமமாகிவிட்டது. இதையும் கண்ணை மூடி ஏற்க வேண்டாம். உடல் நலமாக இருப்பவர்கள் கூட நடப்பார்கள் என்பதும் இதில் கலந்திருக்கும். ஆனால் எனக்கு இது தெரியாமல் இருந்த முதல் இரண்டு மாதம், 6,800 அடி நடந்துவிட்டு இரவு தோல்வி முகத்தோடு படுத்திருக்கிறேன். இலக்கை மாற்றும் இடம் அமைப்புகளுக்குள் நான்கு படி ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. தோண்டி எடுத்து 7,000 என்று வைத்தேன்.

இன்னொரு குறை. பத்து நிமிடம் தொடர்ந்து நடந்தால்தான் "செயல் நேரம்" என்று கணக்கில் ஏற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது அதில் பாதி நேரம் கடும் உழைப்பு என்கிறது. பத்துப் பத்து நிமிடமாகத்தான் செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டுவிட்டது. என் மூன்று மாடி ஏற்றம் ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். நாளுக்கு நான்கு முறை ஏறுகிறேன். இந்தக் கருவியின் பேரேட்டில் அது பூஜ்யம்.

படிக்கட்டு என்றதும் ஜெரமி மோரிஸைச் சொல்லாமல் நகர முடியவில்லை. உடலுழைப்பு பற்றிய ஆய்வாளர்களில் எனக்குப் பிடித்தவர் அவர்தான். லண்டனின் இரட்டை மாடி பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் ஒரு பணிநாளில் 500 முதல் 750 படி ஏறுவார். ஒரே நிறுவனம், ஒரே சாலைகள். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் வெளியிட்டார். உடலுழைப்பையும் இதயத்தையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளுக்கு அதுதான் வாசலைத் திறந்தது. என்னைக் கவர்ந்தது அடுத்து அவர் செய்தது. மூன்று ஆண்டு கழித்து, அதே ஊழியர்களின் சீருடை அளவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாக இருந்தது. அப்படியென்றால் வித்தியாசம் முழுவதற்கும் படிக்கட்டுதான் காரணம் என்று சொல்ல முடியாதே. வேலைக்கு வரும்போதே இருவரும் வேறு வேறு உடம்போடு வந்திருக்கலாம். தன் புகழ்பெற்ற கண்டுபிடிப்பில் ஓட்டை எங்கே என்று தேடி, அதைத் தானே அச்சிட்டவர். தன் கட்டுரைக்குத் தானே மெய்ப்புப் பார்க்கும் எழுத்தாளரை இருபத்தாறு ஆண்டுகளில் நான் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். மோரிஸ் 2009இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

இந்தக் கருவியை விற்பவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. பெட்டியோடு வரும் வழவழப்பான கையேட்டில் "நடந்தால் மூளை வளரும்! நினைவாற்றல் பெருகும்! ஆய்வில் நிரூபணம்" என்று போட்டிருக்கிறது. செயலியில் "மூளை நலம்" என்று ஒரு தனி மதிப்பெண். எனக்கு நேற்று 74, இன்று 71. ஒரே இரவில் மூன்று மதிப்பெண் மூளை எங்கே போயிற்று?

அவர்கள் குறிப்பிடும் ஆய்வு உண்மையானதுதான். 2011இல் எரிக்சன் குழுவினர் வெளியிட்டது. முதியவர்கள் 120 பேர். ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள் நடந்தார்கள், படிப்படியாக நாற்பது நிமிடம்வரை. மறு பாதியினர் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சிகள் செய்தார்கள். ஓர் ஆண்டு முடிவில் நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸின் முன்பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. நினைவுகளைப் பதியவைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் பகுதி அது. மற்றவர்களுக்கு அது சுமார் 1.4 சதவீதம் சுருங்கியது. அந்த வயதில் சுருங்குவதுதான் இயல்பு. இதுவரை கையேட்டில் இருக்கிறது. இல்லாதது இது: நினைவாற்றல் சோதனையில் இரு குழுவினருமே முன்னேறினார்கள், நடந்தவர்கள் மற்றவர்களை முந்தவில்லை. வளர்ச்சி கூடுதலாக இருந்தவர்களுக்கு நினைவும் கூடியது என்பது மட்டும் நடந்தவர்களிடம் தெரிந்தது. பின்னர் அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுவரை உள்ள 1,635 பேரை வைத்து இரண்டு ஆண்டுக்கும் மேல் நடத்திய லைஃப் ஆய்வு, உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் வெறும் சுகாதார வகுப்புக் கேட்டவர்களுக்கும் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை என்று 2015இல் சொன்னது. அதே ஆய்வுதான் ஓர் ஆண்டு முன்னதாக, பயிற்சி செய்தவர்கள் 400 மீட்டர் நடக்கும் வலுவை இழப்பது 18 சதவீதம் குறைவு என்றும் சொன்னது. என்னைக் கேட்டால் கையேட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டியது இந்த 400 மீட்டரைத்தான். தன் காலால் தெருமுனைவரை போய்வர முடிவது சின்ன விஷயமா?

மூளைக்கு நன்மை இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சக்கரத்தில் ஓடிய எலிகளின் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் கூடுதலாகப் பிழைத்து நின்றதை 1999இலேயே காட்டியிருக்கிறார்கள். நரம்பணுக்களை ஊட்டி வளர்க்கும் பிடிஎன்எஃப் என்ற புரதம் உடற்பயிற்சியால் கூடுவதையும் பலர் கண்டிருக்கிறார்கள். ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு வரும் பாதை நீளமானது. கையேட்டின் மூல வாக்கியத்தில் "வளரக்கூடும்" என்றுதான் யாரோ எழுதியிருக்க வேண்டும். அந்தக் "கூடும்" அச்சுக்குப் போகும் வழியில் காணாமல் போயிருக்கிறது. அடித்தல் குறி போட்டவர் யாரென்று எனக்குத் தெரியும்: விளம்பரப் பிரிவு.

நடை முடிந்ததும் திரையில் வரும் "உங்கள் உடலில் எண்டார்ஃபின் பெருகுகிறது" என்ற செய்தி இன்னொரு வேடிக்கை. மகிழ்ச்சி தரும் என்று பெயர் வாங்கிய அந்தச் சுரப்பு பச்சை விளக்குக்கு எப்படித் தெரியும்? இரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளையின் காவலைத் தாண்டி உள்ளே நுழைவதே கடினம். 2021இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் 63 ஓட்டக்காரர்களுக்கு, எண்டார்ஃபின் உட்பட அபின் வகைப் பொருள்களின் ஏற்பிகளை அடைக்கும் மருந்தையோ வெற்று மாத்திரையையோ கொடுத்து ஓடவிட்டார்கள். வெற்று மாத்திரையில் வந்ததைப்போலவே மருந்திலும் மகிழ்ச்சி வந்தது, பதற்றம் தணிந்தது. உடல் தானாகச் சுரக்கும் கஞ்சா வகைப் பொருள்கள்மீதுதான் இப்போது சந்தேகம். திரையில் அதை எழுதினால் விற்பனை பாதிக்கும் என்று பயந்திருப்பார்கள்.

ஒன்பதாவது மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கணுக்கால் பிசகி மூன்று வாரம் கட்டிலோடு கிடந்தேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது, ஒவ்வொரு மணிக்கும் இது மணிக்கட்டில் அதிர்ந்து "எழுந்து நடக்க வேண்டிய நேரம்!" என்றது. "உடல்நலக் குறைவு" என்று தெரிவிக்க எந்தப் பொத்தானும் இல்லை. நான்காம் நாள் "சென்ற வாரத்தைவிட 96% குறைவு. சோர்ந்துவிடாதீர்கள்" என்றது. கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அங்கேயும் அதிர்ந்தது.

எழுந்து மீண்டும் கட்டியபோது, 69ஆக இறங்கியிருந்த என் ஓய்வுநேர நாடி 76க்கு ஏறியிருந்தது. முதல் மாடியிலேயே நின்றேன். மூன்றே வாரத்தில் இவ்வளவு போகுமா என்று தேடியபோது டாலஸ் ஆய்வு கண்ணில் பட்டது. 1966இல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் திரும்ப அழைத்து அளந்தார்கள். உடல் பெருத்து, ஐம்பது வயதாகி வந்தவர்களில் ஒருவர்கூட, இருபதில் படுக்கையிலிருந்து எழுந்த நாளின் அளவுக்குக் கீழே போகவில்லை. முப்பது ஆண்டு மூப்பு செய்யாததை மூன்று வாரப் படுக்கை செய்திருக்கிறது. பிறகு ஆறு மாதப் பயிற்சியில், முப்பது ஆண்டில் இழந்ததை மீட்டார்கள். இதைப் படித்த இரவு எனக்கு வந்த தைரியத்தை இந்தக் கருவியின் எந்த அதிர்வும் தந்ததில்லை. என் நாடி 70க்குத் திரும்ப ஏழு வாரம் பிடித்தது. அந்தச் சரிவையும் மீட்சியையும் நாள் தவறாமல் வரைந்து காட்டியது இதே கருவிதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதன் உண்மையான மதிப்பு அந்த ஒரு கோட்டில்தான் இருக்கிறது.

தூக்கக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அசையாமல் படுத்து இரவு இரண்டு மணிவரை மெய்ப்புப் படித்ததை "ஆழ்ந்த உறக்கம்" என்றது. சில நூல்களுக்கு அது பொருந்தும்தான்.

பெரிய குறையாக நான் நினைப்பது, கை வீசாத உழைப்பு எதுவும் இதற்குப் புரியாதது. வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைதான். தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குகிறேன், நாற்காலியில் கை ஊன்றாமல் இருபது முறை எழுந்து உட்காருகிறேன். தொடை எரிகிறது. கருவி "நீண்ட நேரம் அசையாமல் இருக்கிறீர்கள்" என்கிறது! மரியா ஃபியாடரோன் 1990இல் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடும் எடைப்பயிற்சி கொடுத்தார். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில்! சுருங்கி விரியும் தசை, சுரப்பியைப்போல் இரத்தத்தில் செய்திப் பொருள்களை அனுப்புகிறது என்பதும், அவற்றுக்கு மயோகைன் என்று 2003இல் பெயரிட்டார்கள் என்பதும் இப்போது பாடநூல் விஷயம். இவ்வளவு பெரிய அத்தியாயத்தை இந்தக் கருவி அச்சிடாமலே விட்டுவிட்டது.

உச்சபட்ச இதயத் துடிப்பையும் 220இலிருந்து வயதைக் கழித்து, எனக்கு 163 என்று வைத்திருக்கிறது. 2001இல் டனகா குழுவினர் தந்த சூத்திரப்படி 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 168. இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படி அப்படி இருக்கும். துடிப்பு அந்த உச்சத்தை நெருங்கி, "சிவப்பு மண்டலம்" என்று திரை அலறும்போது என்னால் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்க்கிறேன். பேச முடிந்தால் தொடர்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் தோழியும் இதையே வாங்கினாள். ஒரே பாதை, ஒரே வேகம், பெரும்பாலும் சேர்ந்தே நடந்தோம். என் ஓய்வுநேர நாடி 78இலிருந்து 69க்கு வந்தபோது அவளுடையது 77இலேயே நின்றது. "என் உடம்பு சோம்பேறி" என்று அழாத குறையாகச் சொன்னாள். ஹெரிடேஜ் ஆய்வில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இருபது வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தபோது, சிலருக்கு உடல் அதிகபட்சம் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் அது மாறுபட்டது. அவளுக்கு இதைச் சொன்னேன். அவள் படியேறும்போது இப்போது நிற்பதில்லை என்பதையும் சொன்னேன். கருவி சொல்லியிருக்க வேண்டியது அது. பதிலாக எங்கள் இருவர் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எனக்குக் கிரீடமும் அவளுக்கு ஆமைப் படமும் போட்டது. அவள் அதைத் தன் மகளிடம் கொடுத்துவிட்டாள்.

யாருக்கு வாங்கலாம்? சும்மா இருக்கும்போது நாடி எவ்வளவு, மாதக் கணக்கில் அது எப்படிப் போகிறது, நேற்று நடந்தேனா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இது போதும். உடல் எடை குறைக்கக் கலோரி எண்ணப் போகிறவர்கள் வேண்டாம். இதய நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இதன் மண்டலங்களைப் பார்க்காமல் மருத்துவரைக் கேட்பது நல்லது; நாடியைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. வாங்கினால் முதல் நாளே அதிர்வுகள் அனைத்தையும் நிறுத்திவிடுங்கள். மின்கலம் தொடக்கத்தில் ஒன்பது நாள் நின்றது, இப்போது ஐந்து. பட்டையின் மூன்றாவது துளை கிழியத் தொடங்கியிருக்கிறது.

செயலியின் தமிழைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழில் என்னை மன்னிக்காது. 41 பிழைகளைப் பட்டியலிட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். "இதயதுடிப்பு" என்பதில் ஒற்று இல்லை. "ஓய்வு எடுங்கள்" என்பது ஓரிடத்தில் "ஓய்ந்து எடுங்கள்" என்றிருந்தது. இலக்கை எட்டும்போதெல்லாம் "வாழ்த்துக்கள்" என்று வருகிறது, "வாழ்த்துகள்" சரியா "வாழ்த்துக்கள்" சரியா என்ற சண்டையில் நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. "எங்கள் கருவியைச் சிறப்பாகப் பயன்படுத்தும் உங்களுக்கு வாழ்த்துக்கள்" என்று தொடங்கியது. சென்ற வாரப் புதுப்பிப்பில் "இதயத் துடிப்பு" சரியாகிவிட்டது. மிச்சம் 40.